பணிமனைக் குறும்புகள்: புதிதாகச் சேர்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ரயில் இன்ஜின்களையும் பெட்டிகளையும் பழுதுபார்க்கும் பணிமனைக்கு வரும் பழகுநர்களுக்குப் பிரேக்கைப் பற்றியும், பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியைப் பற்றியும் வகுப்பு எடுப்பார்கள். சக தொழிலாளிகளின் கேலியை எப்படி எதிர்கொள்வது என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. அதனால் அந்தச் சந்தேகங்களெல்லாம் வகுப்பு முடிந்த பிறகு, கதவோரத்தில் நின்றபடி, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுகின்றன. அடிக்கடி கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

சேர்ந்த முதல் வாரமே, சிக்னல் விளக்குக்குச் சிவப்பு எண்ணெய் வாங்கி வா என்று ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அப்படி ஓர் எண்ணெய் இருக்கிறதா?

இல்லை. கைவிளக்குகள் மண்ணெண்ணெயில் எரிந்த காலத்தில் அமெரிக்க ரயில் பணியாளர்களிடையே பரவிய குறும்பு இது. சிவப்பு விளக்குக்குச் சிவப்பு எண்ணெய், பச்சை விளக்குக்குப் பச்சை எண்ணெய் என்று புதியவனை வாளியோடு அனுப்புவார்கள். நிறம் கண்ணாடியில் இருக்கிறது, எண்ணெயில் இல்லை. இன்று விளக்குகள் பேட்டரிக்கு மாறிவிட்டன. ஆனாலும் வாளி மட்டும் ஓய்வு பெறவில்லை.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு: ஒரு வாளி நீராவி, மட்டக்கோலுக்கு மாற்றுக் குமிழி, கோடு போட்ட பெயின்ட், இடது கைக்காரருக்கான சுத்தியல். வெற்றிட பிரேக் இருந்த இடங்களில் ‘ஒரு டப்பா வெற்றிடம்’ கேட்டு அனுப்புவது உண்டு. இதற்கு ஸ்டோர்காரரும் உடந்தையாக இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு காலி டப்பாவை எடுத்துத் தந்து, “மூடியைத் திறந்துவிடாதே தம்பி, வீணாகிவிடும்” என்பார். அல்லது “இங்கே தீர்ந்துவிட்டது, சக்கரப் பிரிவில் கேட்டுப் பார்” என்பார். சக்கரப் பிரிவிலிருந்து பெயின்ட் பிரிவு, அங்கிருந்து பிரேக் பிரிவு. மாலைக்குள் முழுப் பணிமனையும் உங்களுக்குப் பழக்கமாகிவிடும், பணிமனைக்கும் உங்கள் முகம் பழக்கமாகிவிடும். அறிமுகப் பயிற்சி என்று வாசலில் தரும் அச்சடித்த தாளால் இதில் பாதிகூட நடப்பதில்லை.

எது பொய்ச் சாமான், எது நிஜச் சாமான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். நம் தொழிலில் நிஜச் சாமான்களின் பெயர்களே நகைச்சுவையாகத்தான் இருக்கின்றன. தண்டவாளத்தின் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் இரும்புப் பட்டைக்கு மீன் தகடு என்று பெயர். அதற்கு வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் 1847-இல் காப்புரிமை பெற்றார். பாதை பிரியும் இடத்தில் சக்கர விளிம்பு குறுக்கே கடந்து செல்லும் துண்டை அமெரிக்காவில் தவளை என்கிறார்கள். பிரேக் குழாயின் முனையை மாட்டிவைக்கும் வெற்றுக் கொக்கியின் பெயர் டம்மி. டம்மி வாங்கி வா என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை, அந்த விவகாரம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. இடது கைச் சுத்தியல் பொய் என்று தெரிந்துகொண்ட பையன், மறுநாள் இடது மரை நட்டு கேட்டால் சிரித்துக்கொண்டே நின்றுவிடுகிறான். அது முழுக்க நிஜம். பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்திருப்பது இடது மரை நட்டுதான். அசிட்டிலீன் சிலிண்டரின் இணைப்பும் இடது மரைதான். ஆக்சிஜன் குழாயை அதில் தவறி மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, அடையாளத்துக்கு நட்டின் விளிம்பில் ஒரு வெட்டும் இருக்கும். பெட்டிகளை இணைக்கும் ஸ்க்ரூ கப்ளிங்கில் ஒரே தண்டின் ஒரு பாதி வலது மரை, மறுபாதி இடது மரை. அதனால்தான் ஒரே திருப்பில் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. இன்ஜின் மணலைச் சலித்து உலர்த்தச் சொன்னாலும் கேலி என்று நினைக்காதீர்கள். ஈர மணல் குழாயில் கட்டிக்கொள்ளும், சக்கரம் வழுக்கும் நேரத்தில் தண்டவாளத்தில் விழாது.

ஆகவே, மறுக்காமல் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “அண்ணே, இது எங்கே மாட்டுவது? இதற்குப் பாகம் எண் என்ன?” ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் உண்டு. அண்ணன் விட்டத்தைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஏமாந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது என்ன செய்வது?

நீங்களும் சிரியுங்கள். பிறகு, உங்களை அனுப்பியவர் புதிதாக வந்தபோது எதைத் தேடிப் போனார் என்று கேளுங்கள். நிச்சயம் ஒரு கதை இருக்கும், அதைச் சொல்லவும் அவருக்கு ஆசை இருக்கும்.

பதிலடி கொடுக்க விரும்பினால் ஒரு பழைய வழி உண்டு. அடுத்த முறை ஏதாவது இல்லாத சாமானுக்கு அனுப்பினால், நிழலான இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டு வந்து, “ஸ்டோரில் இருக்கிறதாம் அண்ணே, ஆனால் நீங்களே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்” என்று சொல்லுங்கள். அவர் பாதி தூரம் நடந்தாலும் போதும். அன்றிலிருந்து உங்களை யாரும் புதியவர் என்று சொல்ல மாட்டார்கள்.

நீல மசி என்றாலே ஏன் எல்லோரும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள்?

பிரஷ்ய நீலம் என்பது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த நிறமி. அதை எண்ணெயில் குழைத்த மசியைத்தான் பாகங்களைப் பொருத்தும் பிட்டர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு பரப்பில் மிக மெல்லியதாகத் தடவி, பொருந்த வேண்டிய மற்றொரு பரப்பை அதன்மேல் வைத்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடங்களைச் சுரண்டிச் சரிசெய்வார்கள். மயிரிழை மேட்டையும் காட்டிக்கொடுப்பதற்காகப் பிறந்த பொருள் என்பதால், துளி பட்டாலும் எங்கும் பரவுவதே அதன் குணம். உலர்வதும் இல்லை.

குறும்புக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தொலைபேசியின் காது வைக்கும் பக்கம், லாக்கர் கைப்பிடியின் உட்புறம், நாற்காலியின் கைதாங்கி. பாதிக்கப்பட்டவர் காது நீலமாக இருப்பது தெரியாமல் அதிகாரி முன்னால் போய் நிற்பார், அவரிடமிருந்து அந்த நீலம் கோப்புக்கும் பேனாவுக்கும் போகும், கடைசியில் மசியைத் தடவியவர் கைக்கே வந்து சேரும். நான் பார்த்தவரை இந்தக் குறும்பு செய்துவிட்டுச் சுத்தமாகத் தப்பியவர் யாருமில்லை. இதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் மூன்று இடங்களில் தடவக் கூடாது: கண்ணுக்கு வைக்கும் எதிலும், பிடி வழுக்கினால் ஆள் விழக்கூடிய ஏணியிலும் கைப்பிடிக் கம்பியிலும், அளவுக் கருவிகளில்.

தோலில் பட்டால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் பரவும். சிறிது எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். தின்னரால் தேய்க்க வேண்டாம். நீலம் போகும்போது தோலும் கூடவே போகும்.

என் டூல் பெட்டியை பெஞ்சோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார்கள். இதெல்லாம் சகஜமா?

சகஜம்தான். ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், உளியால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். உள்ளே எரியக்கூடிய எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வைத்தார்களா என்பதே கேள்வி. பார்க்காமல் வைத்திருந்தால் அவர் வெல்டரே அல்ல.

சக தொழிலாளியின் தோள்பையில் தினமும் ஒரு பழைய வாஷரைப் போட்டு, கனம் ஏன் கூடுகிறது என்று அவர் குழம்புவதை வேடிக்கை பார்க்கலாமா?

பலரும் நல்ல குறும்பு என்று நினைப்பது இது. என் பார்வையில் மோசமான குறும்பு, காரணம் வாசல் சோதனை. டூல் பெட்டி உள்ளேயே இருக்கிறது, அதில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். தோள்பை வாசலைத் தாண்டிப் போகிறது. அதில் ரயில்வே இரும்பு அகப்பட்டால், பையை வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி, பொருள் தன்னிடம் முறைப்படிதான் வந்தது என்று காட்டுகிற பொறுப்பு அகப்பட்டவர் மேல் விழுகிறது. வாஷரைப் போட்டவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

குறும்பு செய்தவர், விளைவு நிகழும் இடத்தில் இருக்க வேண்டும். “நான்தான் செய்தேன்” என்று ஓடிவந்து சொல்ல முடியாத தூரத்துக்குப் போகும் எந்தக் குறும்பையும் செய்யாதீர்கள்.

காற்றுக் குழாயால் உடையில் இருக்கும் தூசியைத் தட்டிக்கொள்கிறார்களே. விளையாட்டுக்கு ஒருவர் மேல் அடித்தால் என்ன?

ஆள் செத்துப்போகலாம். இந்த ஒரு கேள்விக்கு நான் சிரித்துக்கொண்டு பதில் சொல்வதில்லை. அழுத்தக் காற்று சிறு கீறல் வழியாகத் தோலுக்கு அடியில் நுழையும், கண்ணையும் செவிப்பறையையும் கிழிக்கும். பின்பக்கத்தில் வைத்து ‘விளையாடி’ குடல் வெடித்து இறந்தவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். துணி தடுக்காது.

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி, இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் காற்றே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது, அதுவும் தெறிப்புத் தடுப்போடு. இந்திய ரயில்களில் பிரேக் குழாயின் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அதாவது அந்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உடையைத் தட்டிக்கொள்வதும் கெட்ட பழக்கம்தான். மூத்தவர்கள் செய்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

கொடி, பூட்டு, எச்சரிக்கைப் பலகை இவற்றைச் சும்மா ஒரு நிமிடம் ஒளித்து வைத்தால்கூடத் தவறா?

தவறுதான். வண்டிக்கு அடியில் இருப்பவர் தன் கண்ணால் வெளியே பார்க்க முடியாது. அவருக்காக வெளியே நின்று பேசுவது அந்தக் கொடி ஒன்றுதான். அமெரிக்காவில் ஆள் வேலை செய்யும் வண்டிக்கு நீலக் கொடியோ நீல விளக்கோ வைக்க வேண்டும். எந்தப் பிரிவினர் வைத்தார்களோ அந்தப் பிரிவினரைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது என்பது விதி. பிரிட்டனில் ‘நகர்த்தக் கூடாது’ என்ற பலகை தொங்கும். மின்சுவிட்சில் போடும் பூட்டும் இப்படித்தான். அவரவர் பூட்டு, அவரவர் சாவி.

கொடியை எடுப்பது மட்டுமல்ல, தேவையில்லாத இடத்தில் வைத்து வேடிக்கை பார்ப்பதும் கூடாது. ஷிப்டில் ஒருமுறை பொய்க் கொடியைப் பார்த்தவர், அடுத்த கொடியையும் பொய் என்று நினைக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஒரு மனிதனின் கர்வத்தைச் சீண்டுங்கள், மறதியைச் சீண்டுங்கள், சாப்பாட்டு வேகத்தைச் சீண்டுங்கள். எதை நம்பி அவர் வண்டிக்கு அடியில் படுக்கிறாரோ அதைத் தொடாதீர்கள்.

பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளத்தில்) குனிந்து வேலை செய்பவருக்குப் பின்னால் ஹாரன் அடித்தால் துள்ளிக் குதிப்பார். அதுவும் கூடாதா?

கூடாது. அவர் துள்ளுவதற்கு மேலே இடமில்லை, இரும்பு இருக்கிறது. அமெரிக்க விதிப்படி இன்ஜின் ஹாரன், முன்னால் 100 அடி தள்ளி நின்று அளந்தாலே 96 முதல் 110 டெசிபல் வரை இருக்க வேண்டும். காதருகில் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேலும், வண்டி நகரப்போகிறது என்று சொல்வதற்கும் அதே ஹாரன்தான்.

தண்டவாளத்தில் வைக்கும் வெடிச் சிக்னலும் இதில் சேர்ந்ததே. மூடுபனியில் ஓட்டுநரை எச்சரிப்பதற்காக எட்வர்ட் கௌப்பர் 1841-இல் கண்டுபிடித்த பொருள் அது. வெடிக்கும்போது தகரம் சிதறும்.

சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவருக்கு, மறைந்திருந்து திருப்பித் தட்டிக் குழப்புவது பழைய குறும்பாமே?

பழையதுதான், ஆனால் நல்லதல்ல. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும், விரிசல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். அவர் காதை அளவுக் கருவியாக வைத்திருக்கிறார். அதில் பொய் ஒலியைக் கலப்பதும், அளவுகோலின் முனையை வெட்டிவைப்பதும் ஒன்றே. இந்திய அகலப்பாதையில் ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் ஓரிரு மில்லிமீட்டர்தான் விட்டுக்கொடுப்பு. அளவியை வளைத்துவிட்டுச் சிரிக்க அங்கே இடமில்லை.

தட்டுபவரைப் பற்றிய கதையைச் சொல்லிச் சிரிக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் சக்கரம் தட்டிய பெரியவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்களாம். “எதற்காகத் தட்டுகிறீர்கள்?” என்று ஒரு பிரமுகர் கேட்டாராம். “அதை எனக்கு யாரும் சொல்லவில்லையே ஐயா” என்றாராம் பெரியவர். ரயில் ஓடும் நாடுகள் பலவற்றிலும் இந்தக் கதை உலவுகிறது.

எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியுமா?

எதிர்த்தால் ஒட்டிக்கொள்ளும், கண்டுகொள்ளாவிட்டால் சில பெயர்கள் தானே உதிரும். செய்த காரியத்தால் வந்த பெயர் என்றால் விட்டுவிடுங்கள். எப்போதும் பத்து எண் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பவருக்குப் ‘பத்து’ என்று பெயர் வருவதில் யாருக்கும் நஷ்டமில்லை. உடல், நிறம், சாதி, மதம், ஊனம், பேச்சுத் திக்கல் இவற்றால் வந்த பெயர் என்றால், வைத்தவரைத் தனியாக அழைத்து ஒரே ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் அது கேலி அல்ல.

வாக்கி-டாக்கியிலும் வண்டியை நகர்த்தும் உத்தரவுகளிலும் பட்டப்பெயர் வேண்டவே வேண்டாம். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதில் குழப்பம் வரக் கூடாது. அங்கே பதவியும் வண்டி எண்ணும் மட்டுமே.

ஃபோர்மேனைக் கேலி செய்யலாமா? அவர் எங்களைச் செய்கிறாரே?

நீங்கள் அவரைச் செய்யலாம், அளவோடு. அவர் உங்களைச் செய்வதில்தான் எனக்குத் தயக்கம். மூன்றாவது கேள்வியில் சொன்ன பதிலடியை ஃபோர்மேனிடம் எத்தனை பேரால் கொடுக்க முடியும்? திருப்பிக் கொடுக்க முடியாதவரிடம் குறும்பு செய்வது சமமான ஆட்டம் அல்ல. நல்ல ஃபோர்மேன்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள், மற்றவர்களிடம் வாயோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அதிகாரியின் பெயரில் பொய்ச் சுற்றறிக்கை ஒட்டுவது வேண்டாம். ‘நாளை முதல் அனைவரும் மீசையின் நீளத்தைப் பதிவு செய்ய வேண்டும்’ என்ற அறிவிப்பைப் படித்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே பலகையில்தான் ‘மூன்றாம் லைனில் மின்சாரம் உண்டு’ என்ற அறிவிப்பும் வருகிறது. கொடிக்குச் சொன்னதே பலகைக்கும்.

எனக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை. ஒதுங்கியிருந்தால் கர்வம் என்று நினைப்பார்களா?

சில நாட்கள் நினைப்பார்கள். வேலையில் கைகொடுப்பவரை வெகுநாள் அப்படி நினைக்க மாட்டார்கள். அடுத்தவர் சொல்லும் கதைக்குச் சிரித்தாலே போதும்.

கேலி எந்த இடத்தில் தொல்லையாக மாறுகிறது?

நான் பார்க்கும் அறிகுறிகள்: ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் மாட்டுகிறார். வெளியாள் யாராவது வந்தால் சிரிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. அவர் ஷிப்ட் மாற்றிக் கேட்கிறார், அல்லது தனியாகச் சாப்பிட ஆரம்பிக்கிறார். “விளையாட்டுக்குத்தானே” என்ற சொல் குறும்புக்கு முன்பே தயாராக இருக்கிறது. பெண் தொழிலாளர்களிடம் இது இன்னும் சீக்கிரம் வரம்பு மீறும். ஆண்களுக்குள் பேசுவதையே பேசினோம் என்பது அங்கே விளக்கம் ஆகாது.

உங்களுக்கு நடந்தால் தேதி, இடம், உடனிருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். முதலில் மதிப்புள்ள ஒரு மூத்தவரிடம் சொல்லுங்கள், பல விஷயங்கள் அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்தவருக்கு நடப்பதைப் பார்க்கிறீர்கள் என்றால், எல்லோரும் சிரிக்கும்போது நீங்கள் ஒருவர் சிரிக்காமல் இருப்பதே பல நேரங்களில் போதும். கூட்டம் இல்லாத குறும்பு அதிக நாள் நிற்பதில்லை.

விளையாட்டில் ஒருவருக்கு அடிபட்டுவிட்டது. தானாக விழுந்தார் என்று எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், முதலில் மருத்துவரிடம். அழுத்தக் காற்றுப் பட்ட காயம் வெளியே சிறு புள்ளியாகவோ வீக்கமாகவோதான் தெரியும், சேதம் உள்ளே இருக்கும். ‘தடுக்கி விழுந்தார்’ என்று சொன்னால் மருத்துவர் அந்தக் கோணத்தில்தான் பார்ப்பார், அதற்குள் நேரம் கடந்துவிடும். காற்றா, கிரீஸ் துப்பாக்கியா, எவ்வளவு அழுத்தம், உடலில் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். உயர் அழுத்தத்தில் கிரீஸோ எண்ணெயோ தோலுக்குள் போயிருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். காத்திருந்து விரலை இழந்தவர்கள் உண்டு.

பொய் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். குறும்பு செய்தவருக்குத் தண்டனை கிடைக்கும் என்பது உண்மைதான், நண்பர் என்றால் உங்களுக்கு வருத்தமாகவும் இருக்கும். ஆனால் தானாக விழுந்ததாகப் பதிவானால், அடிபட்டவர்தான் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடும். பின்னால் அவர் கேட்கப்போகும் விடுப்பும் இழப்பீடும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் பேச முடியாத நிலையில் இருந்தால், அதைச் சரியாக எழுதவைக்க உங்களைத் தவிர வேறு ஆள் இருக்க மாட்டார்.